மூச்சு பட்ட அட்டைகள்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று அவருக்கு வந்த பதினேழு வாழ்த்து அட்டைகளில் பதினான்கு நாறின. லேசாக அல்ல. முதல் உறையைப் பிரித்ததும் கூடத்தில் இருந்தவர்கள் தங்கள் செருப்பின் அடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவதைப் பிரித்தபோது ஒருவர் எழுந்து போய்க் கழிவறைக் கதவை நன்றாகச் சாத்திவிட்டு வந்தார். ஐந்தாவதில் தரைத்தளத்துப் பல் டாக்டர் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தார். தினமும் இருபது முப்பது வாய்களுக்குள் மூக்கை விட்டு வேலை பார்க்கிறவரே எடுத்துவிட்டதால் மற்றவர்கள் அதற்குப் பிறகு கூச்சப்படவில்லை. எல்லாம் ஒரே வாடையாக இருந்திருந்தால் பசையைக் குறை சொல்லியிருக்கலாம். கீழ் வீட்டுக்காரரின் அட்டையில் அழுகிய முட்டை, சங்க அலுவலகத்துக் குமாஸ்தாவின் அட்டையில் மூன்று நாள் ஈரக் காலுறை, தலைவரின் சொந்தத் தம்பி கொடுத்ததில் எலி செத்துக் கிடந்த அலமாரி. மனைவி கொடுத்தது சாக்கடை மூடியைத் திறந்த மாதிரி இருந்தது என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். தலைவர் மட்டும் அது நாறவே இல்லை என்று கடைசிவரை சாதித்தார். அன்றைக்கு அவருக்குச் சளி.

நாறாத மூன்றில் ஒன்று கடையில் வாங்கிய அச்சு அட்டை; அதில் எந்த வாடையும் இல்லை, நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. இன்னொன்று தலைவரின் ஐந்து வயதுப் பேத்தியுடையது. அதில் பிஸ்கட் வாசனை வந்தது. மூன்றாவது தெருமுனை இஸ்திரிக்காரருடையது. அப்போதுதான் தேய்த்து மடித்த பருத்திச் சட்டையின் வாசனை அதில் இருந்தது. அச்சு அட்டை தவிர மீதிப் பதினாறையும் கையால் செய்து கொடுத்தவள் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ஒரு பெண். நாற்பத்தாறு வயது. அவளை அட்டைக்காரி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இந்தக் குறிப்பு உண்மையில் அவளுக்கும் அவளுடைய அக்காவுக்கும் நடுவே நடந்ததைப் பற்றியது. மற்றவர்கள் எல்லாம் வழியில் வந்து மாட்டிக்கொண்டவர்கள்.

அட்டைக்காரியின் கூடத்தில் ஜன்னலோரமாக ஒரு நீள மேசை. அதன் இடது பக்கம் மரக்கட்டையில் ஒட்டிய ரப்பர் முத்திரைகள், நூற்றுப் பன்னிரண்டு. வலது பக்கம் காகிதத்தைப் பூவாகவும் இலையாகவும் வட்டமாகவும் வெட்டித் தள்ளுகிற பஞ்ச்சிங் மெஷின்கள். அவற்றை அவள் தலைகீழாகப் பிடித்துத்தான் அழுத்துவாள்; எந்த இடத்தில் வெட்டு விழுகிறது என்று அப்போதுதான் தெரியும். முனை மழுங்கினால் வெள்ளித்தாளை நான்கு தடவை வெட்டுவாள், கூர் திரும்பிவிடும். வெட்டி விழுந்த காகிதப் பூக்கள் வருகிறவர்களின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு படிக்கட்டு முழுக்க இறங்கும். யார் அவள் வீட்டுக்குப் போனார்கள் என்று கண்டுபிடிக்கக் குதிகாலைப் பார்த்தால் போதும். அவளுக்கு எதைத் தொட்டாலும் அருவருப்பு. பேருந்துக் கம்பி, அடுத்தவர் குடித்த டம்ளர், கை குலுக்குகிறவர்களின் வியர்வை, சிரித்துக்கொண்டே பேசுகிறவர்களின் சிரிப்பு. அருவருக்காத பொருள் என்று உலகத்தில் அவளுக்குக் காகிதம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே அருவருப்பினால்தான். அவளுடைய அம்மா ஆறு வருடம் அந்த வீட்டின் உள்ளறையில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உடம்பைப் புரட்டிப் போட்டதும், முதுகுப் புண்ணைக் கழுவியதும், துணியை அலசிப் பிழிந்ததும் இளையவள்தான். மூத்தவள் தூரத்து நகரத்தில் கணவனோடும் மகளோடும் இருந்தாள். அவள் ஒரு தடவைகூட வரவில்லை. மாதம் தவறாமல் தங்க விளிம்பு வைத்த அச்சு அட்டை ஒன்று அவளிடமிருந்து வரும். ‘விரைவில் நலம் பெற வாழ்த்துகள்’ என்று போட்டிருக்கும். அம்மா அதைத் தலையணையில் சாய்த்து வைக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எழுபத்தோரு அட்டைகள் வந்தபின் அம்மா போய்விட்டாள். அதன் பிறகுதான் அக்கா வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்று, கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். “ஏன்டி, வீடு இப்படி நாறுது?” என்று கேட்டாள்.

தங்கை பதில் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த பதினோரு வருடமும் சொல்லவில்லை. அக்கா ஊருக்குத் திரும்பிய வாரம் அவள் கடைக்குப் போய், பூ வெட்டுகிற மெஷின் ஒன்றை வாங்கி வந்து, அந்த எழுபத்தோரு அட்டைகளையும் சல்லடையாக்கினாள். தரை முழுக்கத் தங்கக் கோடு போட்ட பூக்கள். இத்தனை பூவை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு வெள்ளை அட்டையில் நாலைந்தை ஒட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்து, எவ்வளவு அழகு, எனக்கொன்று செய்து கொடு என்றாள். அழகு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பாதிக் கடைகளை மூட வேண்டியிருக்கும்.

பத்து வருடம் அவள் முத்திரைகளுக்கு ஒரே நிற மைதான் போட்டாள். பதினோராவது வருடம் ஸ்கெட்ச் பேனாவால் ரப்பரின் மேலேயே வண்ணம் தீட்டக் கற்றுக்கொண்டாள். இதழுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை, நடுவில் மஞ்சள். இதில் ஒரு சிக்கல் உண்டு. மஞ்சளுக்கு வருவதற்குள் சிவப்பு காய்ந்துவிடும். அப்போது ரப்பருக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், ஆ என்று திறந்து, மூச்சை விட வேண்டும். மூச்சின் ஈரத்தில் மை மறுபடி இளகும். அந்தக் கணத்தில் அழுத்தினால் படம் தெளிவாக விழும். உதட்டைக் குவித்து ஊதினால் இன்னும் காய்ந்துதான் போகும். தலைவர் ஓய்வு பெறுவதற்கு வீட்டுக்கு ஒரு அட்டை கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று சங்கம் சுற்றறிக்கை விட்டபோது மொத்தக் கட்டடமும் அவள் வீட்டில் வரிசையில் நின்றது. இத்தனை பேருடைய பாசத்துக்கும் தன் வாயைத் திறக்க அவளுக்குக் குமட்டியது. “உங்க பாசத்துக்கு என் மூச்சு எதுக்கு? நீங்களே விடுங்க,” என்று சொல்லிவிட்டாள். ஒவ்வொருவராகக் குனிந்து, ஆ என்று வாயைத் திறந்து, முத்திரையின் மேல் மூச்சை விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பதினாறு மூச்சுகள்தான் மறுநாள் தலைவரின் கூடத்தில் திறந்துகொண்டன.

முதலில் பசையை மாற்றிப் பார்த்தார்கள். பிறகு மையை. பிறகு பல் டாக்டர், இது சுத்தமான வாய் நாற்றம், வேறொன்றும் இல்லை என்று உறுதியாகச் சொன்னார். இரண்டு மாதம் அவருடைய அறையில் உட்கார இடமில்லை. கட்டடத்தில் ஒரு பல் பாக்கி இல்லாமல் சுரண்டித் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினார். கடைசியில் அவரே வாயை மூன்று தரம் புதினாத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு மாமனாருக்கு ஒரு அட்டை செய்யப் போனார். அது செத்த மீனாக நாறியது. மாடிப்படியில் துணி மூட்டையோடு ஏறிக்கொண்டிருந்த இஸ்திரிக்காரர் நின்று முகர்ந்து பார்த்துவிட்டு, “சட்டியில இருக்கறதுதானே அகப்பையில வரும்,” என்றார். அதற்குமேல் யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை.

அட்டையே வேண்டாம் என்று விட்டுவிட்டால் தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி விட முடியவில்லை. அட்டை கொடுக்காதவனிடம், ஏன் கொடுக்கவில்லை, முகர்ந்தால் தெரிந்துவிடும் என்று பயமா என்று கேட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அந்த ஒரு வருடத்தில் மூன்று நிச்சயமான கல்யாணங்கள் நின்றன, ஒரு கூட்டு வியாபாரம் பிரிந்தது, ஒரு மேலதிகாரி தன் கீழே இருந்த ஒன்பது பேரிடமும் புத்தாண்டு அட்டை கேட்டு வாங்கிவிட்டு, தானே வேறு ஊருக்கு மாற்றல் கேட்டுப் போனார். நல்லதும் நடக்காமல் இல்லை. தினமும் புருஷனைத் திட்டித் தீர்க்கிற இரண்டாம் மாடிக் கிழவியின் அட்டை குளித்த சோப்பின் வாசனையோடு இருந்தது. கிழவர் அதை இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டு திரிந்தார். ஆனால் அப்படி நாற்பதில் ஒன்று. மற்றவர்கள் மனசைக் கழுவப் போனார்கள் என்று நினைத்தால் நீங்கள் மனிதர்களோடு பழகாதவர். அவர்கள் வாடகைக்கு மூச்சு தேடிப் போனார்கள்.

இஸ்திரிக்காரர் அகப்பட்டார். யாரிடமும் அவருக்குக் கோபமில்லை, பொறாமையில்லை. சட்டை ஞாபகம் இருக்கும், சட்டைக்காரர் ஞாபகம் இருக்காது. அவர் மூச்சு விட்ட அட்டை யாருக்குப் போனாலும் தேய்த்த துணியாக மணத்தது. காலையில் அடுப்புக்கரியைப் பெட்டியில் போட்டுக் கனிய வைத்துவிட்டு மூன்றாம் மாடிக்கு வந்து, ஒரு முக்காலியில் உட்கார்ந்து, வரிசையாக வாயைத் திறப்பார். வாங்கிக்கொண்டு போனவர்கள் அதைப் பெற்றவர்களிடம் நீட்டினார்கள், கூடப் பிறந்தவர்களிடம் நீட்டினார்கள், மருத்துவமனையில் கிடந்தவர்களின் தலைமாட்டில் வைத்தார்கள். வாங்கியவர்களுக்கும் அது யாருடைய மூச்சு என்று தெரியும். அவர்களும் கண்ணை மூடி முகர்ந்து, ஆகா என்றார்கள். பதினான்கு அட்டைகள் நாறியதைவிட இதை எழுதுவதுதான் எனக்கு வயிற்றைப் பிரட்டுகிறது. அட்டைக்காரியும் பூவை வெட்டி ஒட்டிக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தாள். பிழைப்பு என்று சொல்லிக்கொண்டாள்.

அப்படி இருக்கும்போது அக்காவின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். “சித்தி, அம்மாவுக்கு வயித்துல ஆபரேஷன். பன்னெண்டு நாள் இருக்கு. பாதிக்குப் பாதிதான்னு டாக்டர் சொல்றார். அம்மா உங்ககிட்டேருந்து ஒரே ஒரு கார்டு கேக்கறாங்க.” பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அட்டைக்காரி வைத்துவிட்டாள். அட்டைகள் பற்றிய செய்தி அந்த நகரத்துக்கும் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது. அக்கா கேட்டது காகிதத்தை அல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. தன்னுடைய மூச்சை விட்டால் என்ன வரும் என்றும் தெரிந்தது. பாதி உயிரோடு கத்திக்குப் போகிறவளிடம் அதை நீட்டுவதா? நீட்டி, அதுவே அவள் கடைசியாக முகர்ந்ததாக ஆகிவிட்டால்? அனுப்பாமல் இருந்தால் அதுவும் ஒரு பதில்தான். ஒன்பது நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆர்டர் கொடுத்தவர்கள் வந்து கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

பத்தாம் நாள் காலையில் அவள் உட்கார்ந்து, தன் வாழ்நாளிலேயே மிக அழகான அட்டையைச் செய்தாள். மூன்று அடுக்குப் பூக்கள், ஒவ்வொரு அடுக்குக்கும் அடியில் ஸ்பாஞ்சுப் பட்டை வைத்துத் தூக்கி ஒட்டியவை. வெள்ளிப் பொடி தூவிச் சூடு காட்டி உருக்கிய விளிம்பு. நடுவில் முத்திரை மட்டும் பாக்கி. இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார்.

“யாருக்கும்மா இது? இவ்வளவு வேலை செஞ்சிருக்கீங்க.”

“எங்க அக்காவுக்கு.”

“உங்க அக்காவுக்கு என் மூச்சு எதுக்கும்மா?”

நேரமாகிறது, விடுங்கள் என்றாள். அவர் விட்டார். அவள் அழுத்தினாள். படம் ஒரு பிசிறு இல்லாமல் விழுந்தது. அவர் படியிறங்கிப் போனபின் அவள் அட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். தேய்த்த சட்டையின் இதமான வாசனை. யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இரண்டாம் தடவை முகர்ந்தபோது அவளுக்குத் தலையணையில் சாய்ந்து நின்ற தங்க விளிம்பு அட்டை ஞாபகத்துக்கு வந்தது. அதையும் யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். எழுபத்தோரு தடவை அக்கா அம்மாவுக்குச் செய்ததை எழுபத்திரண்டாம் தடவையாகத் தான் அவளுக்குச் செய்திருக்கிறோம் என்பது உறைத்தது. தன் மேலேயே வந்த குமட்டலில் எழுந்து ஓடினாள். வாயைக் கழுவிக்கொண்டு வந்து, பெரிய பூ மெஷினை எடுத்து, அந்த அட்டையை ஒரு விரல் இடம் விடாமல் ஓட்டை போட்டுத் தள்ளினாள்.

பிறகு ஒரு வெறும் வெள்ளை அட்டையை எடுத்தாள். நூற்றுப் பன்னிரண்டு முத்திரைகளில் அவளுக்கு வேண்டிய சொல் இல்லை. பென்சில் அழிக்கிற ரப்பர் ஒன்றில் எழுத்துகளை இடவலம் மாற்றி எழுதி, பிளேடால் செதுக்கினாள். அக்கா. அவ்வளவுதான். மையைத் தடவி, அது காயும்வரை காத்திருந்து, வாயைத் திறந்து மூச்சு விட்டாள். பதினோரு வருடமாக உள்ளே இருந்த மூச்சு, கொஞ்ச நேரம் வந்துகொண்டே இருந்தது. அழுத்தி எடுத்தபோது அம்மாவின் உள்ளறை அப்படியே கூடத்துக்கு வந்தது. மூத்திரத் துணி, முதுகுப் புண்ணின் சீழ், ஃபினாயில், வழிந்து காய்ந்த இருமல் மருந்து, எல்லாவற்றுக்கும் அடியில் கொஞ்சம் தலைக்கு வைத்த எண்ணெய். இரண்டு மாடிக்குக் கீழே ஜன்னல்களைச் சாத்தினார்கள். அவள் அட்டையை மூன்று உறைகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு ஒட்டி, கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டாள்.

பெட்டியைத் திறந்தவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அதை எடுத்தார். எந்த அலுவலகத்திலும் அதை ஒரு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க ஆளில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் தலையில் தள்ளிவிட்டதில், மூன்று நாள் எடுக்கிற தபால் மறுநாள் மதியமே போய்ச் சேர்ந்தது. இதைப் பற்றி ஒரு புகாரும் பதிவாகவில்லை. அக்கா மருத்துவமனைக் கட்டிலில் அதைப் பிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். நர்ஸ் அட்டையைப் பிடுங்கப் போனபோது கையைத் தட்டிவிட்டு, மறுபடி முகர்ந்தாள். ஆபரேஷன் அன்று அதை ஒரு மூடி போட்ட டப்பாவில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் விட்டுவிட்டுத்தான் போனாள், திரும்பி வந்ததும் டப்பாவைத்தான் கேட்டாள் என்று அவள் மகள் பிற்பாடு சொன்னாள். பிழைத்துக்கொண்டாள். இது தொலைபேசியில் வந்த செய்தி. தங்கை இதற்கும் பார்க்கலாம் என்றே சொன்னாள்.

மூன்றாம் மாதம் ஒரு முற்பகலில் அக்கா வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். மூன்று மாடியை ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து எழுந்து ஏறினாள். அந்த அட்டை போனாலும் அதன் நாற்றம் மூன்றாம் மாடியை விட்டுப் போயிருக்கவில்லை. கதவிடுக்கில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும் மூக்கில் துணி வைத்திருந்தார்கள். அக்காவின் இடது கையிலும் கைக்குட்டை இருந்தது. அவள் வாசலில், பதினோரு வருடத்துக்கு முன் நின்ற அதே இடத்தில் நின்றாள். தங்கை மேசையில் இலை வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை, ஆனால் மெஷின் நின்றுவிட்டது. கைக்குட்டை மேலே போகவில்லை. அக்கா வாயை மூடிக்கொண்டு, மூக்கு வழியாக, அந்த வீட்டை நிதானமாக உள்ளே இழுத்தாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. மூன்றாம் தடவை முடியவில்லை. நிலைப்படியிலேயே வாந்தி எடுத்தாள். தரையில் கிடந்த காகித இலைகள் அதில் மிதந்தன.

வாயைத் துடைத்துக்கொண்டு, “பக்கெட் எங்கடி இருக்கு?” என்று கேட்டாள்.

“தையல் போட்ட வயிறு. குனியாத.”

“பக்கெட் எங்கன்னு கேட்டேன்.”

“பின்னால. ஃபினாயில் ஜன்னல் மேல இருக்கு.”

அக்கா போய் எடுத்து வந்தாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் துடைத்தாள், அலசினாள், பிழிந்தாள். வெகுநேரம் ஆயிற்று. பழக்கமில்லாத கை என்பது பார்த்தாலே தெரிந்தது. துடைத்ததைவிடப் பரப்பிவிட்டதுதான் அதிகம். தங்கை எழுந்து உதவவில்லை. ஆறு வருடம் அவள் துடைத்தாயிற்று. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடிந்தது என்று அக்கா நிமிர்ந்தபோது, “அந்த மூலை,” என்றாள். அக்கா மறுபடி குனிந்து அந்த மூலையைத் துடைத்தாள்.

அதற்குப் பிறகு அக்கா ஊருக்குப் போகவில்லை. கணவர் முன்பே காலமாகிவிட்டிருந்தார், மகளுக்கு அவள் குடும்பம். உள்ளறையில் அம்மாவின் கட்டில் இருந்த இடத்தில் படுத்துக்கொண்டாள். பஞ்ச்சிங் மெஷின் வேலை முழுக்க இப்போது அவளுடையது. தலைகீழாகப் பிடிக்க மறந்துவிட்டுத் தினமும் திட்டு வாங்குகிறாள். இஸ்திரிக்காரர் அந்த அக்கா அட்டைக்குப் பிறகு யாருக்கும் மூச்சு விட வரவில்லை. கேட்டவர்களிடம், போகப் போகத் தன் வாயிலும் புளித்த கஞ்சி வாடை அடிக்கிறது, உங்கள் பேச்சையெல்லாம் கேட்டதில் வந்தது என்று சொல்லிவிட்டார். வேண்டியவர்கள் சொந்த மூச்சைக் கொண்டு வருகிறார்கள். வாழ்த்து அட்டைகள் குறைந்துவிட்டன. மூன்றாம் மாடியின் நாற்றம் குறையவில்லை. சங்கம் அதைப் பற்றி இரண்டு தீர்மானம் போட்டது. மூன்றாவது கூட்டத்தில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவது பெரிய விஷயமாகிவிட்டதால் இது விட்டுப்போயிற்று. புதிதாகக் குடி வருகிறவர்களுக்கு மின்சார மீட்டர் எங்கே இருக்கிறது என்று காட்டும்போது இதையும் சொல்லிவிடுகிறார்கள்.

வருடத்துக்கு இரண்டு தடவை, அவரவர் பிறந்தநாளில், சகோதரிகள் ஒருவருக்கொருவர் ஒரு அட்டை செய்துகொள்கிறார்கள். வெறும் வெள்ளை அட்டை, ஒரு சொல், சொந்த மூச்சு. இரண்டும் நாறுகின்றன. அக்கா செய்வதும் நாறும் என்று தங்கை எதிர்பார்க்கவில்லை. அக்காவுக்கும் சொல்ல ஏதோ இருந்திருக்கிறது. முகர்ந்து பார்த்துவிட்டு பிஸ்கட் டின்னில் போட்டு மூடுகிறார்கள். போன வருஷத்துக்கு இந்த வருஷம் கொஞ்சம் கம்மி என்று அக்கா ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள். தங்கை டின்னை மறுபடி திறந்து, மூக்கை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, இல்லை, அதேதான் என்று மூடி வைக்கிறாள்.